அரைச்சுரம் உயர்ந்து ஒலித்த கசற்

என்னிடம் இப்போது 23 நிமிடம் 15 விநாடி நீளமுள்ள ஓர் ஒலிக்கோப்பு இருக்கிறது. அது கசற்றிலிருந்து முதன்முதலில் கணினிக்குள் இறங்கியபோது 22 நிமிடமாகவே இருந்தது. இடையிலுள்ள அந்த 75 விநாடியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு ஐந்து வாரம் சென்றது. அதைக் கண்டுபிடிக்கும்வரை, யாழ்ப்பாணத்துக் கல்லூரிப் பெடியன்கள் 1979இல் ஸ்கா, ஃபங்க் என்ற வெளிநாட்டு இசை வகைகளை வாசித்திருக்கிறார்கள் என்பது, அந்த இசையைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தெரியாமல் இருந்தது.

கசற் என் பெரியப்பாவுடையது. அவர் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்; கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது, ஆனால் செருப்புப் பெட்டி அளவான ஒரு ரேப் ரெக்கோடர் அவரிடம் இருந்தது. அவர் காலமானபின் பெரியம்மா றங்குப் பெட்டியை ஒதுக்கியபோது காணி உறுதிகளுக்கும் பழைய பரீட்சைத் தாள்களுக்கும் அடியில் இந்தக் கசற் கிடைத்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் போய்த் திரும்பி வந்த அதே பெட்டிதான். லேபிளில் அவருடைய கையெழுத்தில் “ஒத்திகை – புதன் – 79” என்று மட்டும் இருந்தது. குழுவின் பெயரோ கல்லூரியின் பெயரோ எழுதப்பட்டிருக்கவில்லை. பின்னர் அவற்றை அறிந்துகொண்டேன்; ஆனால் வாசித்தவர்களில் மூவரின் சம்மதம் இன்னும் கிடைக்காதபடியால் இங்கே எழுதவில்லை.

கையில் எடுத்தபோது இருந்த நிலையைச் சொல்கிறேன். 60 நிமிடக் கசற். கோது திருகாணி இல்லாமல் ஒட்டி மூடப்பட்டது. நாடாச் சுருளின் மேல்விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. நாடாவை ரெக்கோடரின் வாசிப்புத் தலையோடு அழுத்தும் சிறிய கம்பளித் திண்டு பசை உக்கிக் கழன்று, உள்ளே எங்கோ கிலுகிலுத்தது. ஒரு காலத்தில் நாடா அறுந்து, அதை யாரோ சாதாரண செலோரேப்பினால் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர் பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றாலும் அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் அதற்கென்று வேறு நாடா இங்கே யாரிடம் இருந்தது?

மாரி காலம் தொடங்கிவிட்டிருந்தபடியால் முதலில் ஈரத்தை எடுக்க வேண்டியிருந்தது. பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் 12 போட்டு, கசற்றை ஒரு துணியில் சுற்றி வைத்து, ஆறு நாள் திறக்காமல் விட்டேன். ஏழாம் நாள் முகக்கவசம் அணிந்துகொண்டு விறாந்தையில் வைத்துக் கோதைத் திறந்தேன். ஒட்டிய விளிம்பு வழியாகச் சவர அலகை வைத்து, திருப்புளியின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனால் பிளாஸ்ரிக் ஒரு கட்டத்தில் தானாகவே பிளக்கும். அவசரப்பட்டு அலகை நெம்பியதில் பெருவிரலில் வெட்டு விழுந்தது. கோதும் ஒரு மூலையில் உடைந்தது. கோது போனதில் கவலையில்லை, எப்படியும் நாடாவை வேறு கோதுக்கு மாற்றத்தான் இருந்தேன். ஐந்து திருகாணிகளால் பூட்டிய ஒரு வெற்றுக் கசற்றை 350 ரூபாவுக்கு வாங்கி, அதன் நாடாவைக் கழற்றிவிட்டு, இரண்டு சில்லுகளையும் அவற்றின் மேலும் கீழும் இருக்கும் வழுக்குத் தாள்களையும் சரியாக வைத்து மூடினேன். அந்த வழுக்குத் தாள்களை ஒருமுறை தலைகீழாக வைத்துவிட்டேன். நாடா இறுகி நின்றது. திறந்து மாற்றியதும் ஓடியது.

பூஞ்சணத்தை விளிம்பில் மெல்லிய பருத்தித் துணியால், உலர்வாகவே, கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். செலோரேப் இருந்த இடம்தான் தலையிடி. அதன் பசை காலப்போக்கில் இளகி வழிந்து, மேல் சுற்றையும் கீழ்ச் சுற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த காதுப் பஞ்சால், நாடாவில் ஒலி பதியும் பூச்சில்லாத முதுகுப் பக்கத்தை மட்டும் ஒற்றியெடுத்தபோது ஒரு சுற்று முழுமையாக விடுபட்டது. மறு சுற்றில் பூச்சு ஏற்கெனவே உரிந்துவிட்டிருந்தது. 18 சென்ரிமீற்றரை வெட்டி எறிந்து, ஒட்டுவதற்கென்றே உள்ள நாடாவைக் கொழும்பிலிருந்து வரவழைத்து இணைத்தேன். கசற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். ஆகவே இழந்தது 3.8 விநாடி. மறுபக்கத்திலும் அதே அளவு போயிற்று.

இனி ஓட்டும் இயந்திரத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் ரெக்கோடர் எப்போதோ இல்லாமற் போய்விட்டது. ஆனைக்கோட்டைப் பக்கம் பழைய பொருட்கள் விற்கும் ஒரு கடையில் யப்பானியத் தயாரிப்பான ஒற்றைக் கசற் டெக் ஒன்றை 9,000 ரூபாவுக்கு வாங்கினேன். கடைக்காரர் விளக்கு எரிவதைக் காட்டி “வேலை செய்யும்” என்றார். விளக்கு உண்மையில் வேலை செய்தது. உள்ளே பெல்ற் இரண்டும் உருகித் தார் போலக் கப்பிகளில் அப்பிக்கிடந்தன; அதைச் சுரண்டித் துடைக்கவே ஒரு முழுப் பின்னேரம் போய், என் இரண்டு சட்டைகளும் பழுதாகின.

முதல் பிழையான வழி இங்கேதான் தொடங்கியது. எங்கள் ஊரில் இறப்பர் வளையம் எதற்குத் தேவைப்பட்டாலும் சைக்கிள் ரியூப்பை வெட்டுவதுதான் வழக்கம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது நீரிறைக்கும் இயந்திரம் முதல் தையல் இயந்திரம் வரை அதனால் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 5 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். டெக் ஓடியது, பாட்டும் வந்தது, ஆனால் குரல்கள் எல்லாம் குளிர்காய்ச்சல் வந்தவர்களின் குரல்போல நடுங்கின. ரியூப்பின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தடித்த இடம் மோட்டர்க் கப்பியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் வேகம் மாறும். மூன்று வளையங்களை வெட்டிப் பார்த்தபின் கைவிட்டேன். பிறகு தையல் நூலைக் கப்பிகளைச் சுற்றி இழுத்து அளந்தேன்: 246 மில்லிமீற்றர். பெல்ற் ஆறு வீதம் சிறிதாக இருந்தால் போதிய இழுவை இருக்கும் என்ற கணக்கில் 231 மில்லிமீற்றர் சுற்றளவு, அதாவது ஏறத்தாழ 73.5 மில்லிமீற்றர் விட்டம். அந்த அளவைச் சொல்லி எடுத்த இரண்டு பெல்ற்றும் 650 ரூபா. நடுக்கம் அன்றே நின்றது.

அடுத்தது வேகம். வேகத்தைச் சரிபார்க்க 3,000 ஹேர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கசற் விற்பார்கள். அது என்னிடம் இல்லை, வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவும் விருப்பமில்லை. ஆகவே ஒரு வேண்டாத பாட்டுக் கசற்றின் நாடாவை விறாந்தை நீளத்துக்கு வெளியே இழுத்து, இழுபடாமல் பாயில் கிடத்தி, நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் ஓரிடத்தில் பூச்சைத் துடைத்தேன். அங்கிருந்து சரியாக 476 சென்ரிமீற்றரில் மறுபடி துடைத்தேன். பூச்சில்லாத இடத்தில் பாட்டு ஒரு கணம் அறும். டெக்கின் வேகம் சரியென்றால் இரண்டு அறுவைகளுக்கும் இடையில் 100 விநாடி இருக்க வேண்டும். கணினியில் பதிந்து அளந்தபோது 97.4 விநாடி வந்தது. மோட்டரின் முதுகில் சிறிய துவாரம் ஒன்று உண்டு. அதற்குள்ளே வேகத்தை மாற்றும் திருகு இருக்கிறது. பிளாஸ்ரிக் பேனைக் குழாயைத் தட்டையாகச் செதுக்கி அதனால் திருகினேன், ஏனென்றால் முந்திய நாள் இரும்புத் திருப்புளியை விட்டதும் மோட்டர் தறிகெட்டு ஓடியது. எட்டுத் தடவை திருகி, எட்டுத் தடவை அளந்து, 100.1 விநாடிக்குக் கொண்டுவந்தேன். இந்த முறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை மறைக்கவில்லை. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கெடுத்தது.

கணினிக்குள் எடுப்பதற்கு முதலில் 1,000 ரூபாவுக்கும் குறைந்த ஒரு யூ.எஸ்.பி. ஒலிக் குச்சியைப் பயன்படுத்தினேன். அதிலிருப்பது ஒலிவாங்கிக்கான நுழைவு. டெக்கின் வெளியீட்டை அது தாங்காது. பித்தளைக் கருவிகள் எழும் இடமெல்லாம் தகரம் கிழிவதுபோல ஒலித்தது. கலியாண வீடுகளுக்கு ஒலிப்பதிவும் கீபோர்ட்டும் செய்யும் என் நண்பர் ஒருவரிடம் இரண்டு தட நுழைவுள்ள பெட்டியை இரவல் வாங்கினேன். விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிற். ஒரு பக்கத்துக்கு 500 மெகாபைற்றுக்குச் சற்று மேல். அதற்குமேல் போவதால் இந்த நாடாவில் எந்தப் பயனும் இல்லை.

தலையின் சாய்வைச் சரிசெய்வது பற்றி ஒரு பந்தி எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்கு நான் வாங்கிய கருவி ஒன்றுமில்லை, கிடைத்த பலனோ அதிகம். பதிந்த ரெக்கோடரின் தலை ஒரு சாய்விலும் ஓட்டும் டெக்கின் தலை வேறொரு சாய்விலும் இருந்தால் மேற்சுரங்கள் மங்கிப்போகும். தலையின் இடப்பக்கத்தில் சுருள்வில்லோடு இருக்கும் திருகாணிதான் அதை மாற்றுவது. முதலில் திருகாணியின் பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொண்டேன். பெரியப்பாவின் ரெக்கோடர் ஒற்றைத் தடக் கருவி. அது பதிந்த ஒன்றரை மில்லிமீற்றர் அகலத் தடத்தை என் டெக்கின் தலை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்து வாசிக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் கேட்டுக்கொண்டு திருகினால், சாய்வு பிழையாக இருக்கும்போது மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழிக்கும்; சரியான இடத்தில் சடுதியாகத் திறக்கும். கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருகினேன். சிம்பலின் சிலிர்ப்பு, மூடிய அறையின் யன்னலைத் திறந்ததும் வெளிச் சத்தம் வருவதுபோல வந்தது. பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன்: பூஞ்சணம் தின்றது நாடாவின் வெளிவிளிம்பை, விளிம்பை ஒட்டி வாசிக்கும் இடத் தடத்தில்தான் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஆகவே சாய்வைச் சரிசெய்ய இரண்டையும் பயன்படுத்திவிட்டு, கடைசிப் பிரதிக்கு வலத் தடத்தை மட்டும் எடுத்தேன்.

இந்தக் கட்டத்தில் ஏழு உருப்படிகள் கையில் இருந்தன. நான் கேட்டது இதுதான்: இலங்கையின் துள்ளல் ஆட்டப் பாட்டான பைலாவை அவசர அவசரமாக வாசிக்கும் ஒரு குழு, மெல்லிய குரலில் பாடும் ஒரு சிறுவன், பின்னால் கூட்டமாகப் பித்தளைக் கருவிகள். 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசையைக் கொண்டுபோன உயரத்தை நினைத்தால், ஒரு கல்லூரிக் குழு அதையே பின்பற்றியிருப்பது இயல்புதான் என்று எண்ணினேன். பைலாவின் ஆறெட்டு நடைபோல எண்ணத்தக்க ஓர் ஊஞ்சலாட்டமும் தாளத்தில் இருந்தது. பெரியப்பா ஏன் இதைப் பதிந்தார் என்றுகூட ஒரு கணம் சலித்துக்கொண்டேன்.

அந்தச் சலிப்பிலேயே இரண்டாவது பெரிய பிழையையும் செய்தேன். ஓடாசிற்றி மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள இரண்டு விநாடி இரைச்சலை மாதிரியாகக் கொடுத்து, 24 டெசிபெல் என்று வைத்து, முழுக் கோப்பையும் சலித்தேன். இரைச்சல் போய்விட்டது, கூடவே கித்தாரும் போய்விட்டது. அந்தக் கித்தார் தாளத்துக்கு இடையிடையே, மிகக் குறுகலாக, கம்பியை அடித்தவுடன் கையால் பொத்தி நிறுத்தும் ஒலி. அதில் சுரத்தைவிடக் கீறல்தான் அதிகம். மென்பொருளுக்கு அது இரைச்சல். மூன்று நாள் நான் அந்தச் சலித்த கோப்பைத்தான் கேட்டேன், பெருமையாக நண்பருக்கும் அதைத்தான் அனுப்பினேன். பாட்டின் முதுகெலும்பை எடுத்துவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நண்பர் கீபோர்ட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டு, இரைச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “இது பி மேஜரில் போகுது, எந்தக் கல்லூரிப் பெடியன் ட்ரம்பெற்றை வைச்சுக்கொண்டு பி மேஜரில் வாசிப்பான்?” என்று கேட்டார். ட்ரம்பெற்றும் ரெனர் சக்சபோனும் பி ஃப்ளாற்றை அடிப்படையாகக் கொண்ட கருவிகள். பி மேஜர் என்றால் ட்ரம்பெற்காரருக்கு அது ஏழு ஷார்ப், அதாவது ஏழு சுரங்களையும் அரைச்சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும். வாசிக்க விரல் திரும்பாது. அதற்கு அரைச்சுரம் கீழே பி ஃப்ளாற் மேஜர் என்றால் அவருக்கு ஒரு ஷார்ப்பும் இல்லை, ஃப்ளாற்றும் இல்லை. கசற் அரைச்சுரம், அதாவது ஏறத்தாழ ஆறு வீதம் வேகமாக ஓடுகிறது என்பது அவருடைய தீர்ப்பு. நான் 476 சென்ரிமீற்றரையும் 100.1 விநாடியையும் சொல்லி மறுத்தேன். உங்கள் டெக் சரி, பதிந்த ரெக்கோடர் சரியென்று யார் சொன்னது என்றார்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் மாறுகிறது. கித்தார் அம்பிளிபயர்களின் ஸ்பீக்கர்களில் அதன் இரைச்சல், பெரும்பாலும் இரட்டிப்பாக 100 ஹேர்ட்ஸில், எப்போதும் இருக்கும். ஒத்திகை அறையில் அம்பிளிபயர் முனகியிருந்தால் அந்த முனகலும் நாடாவில் பதிந்திருக்கும். ரெக்கோடர் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது அது 100க்கு மேலே நிற்கும். பாட்டுகளுக்கு இடையிலுள்ள அமைதியான பகுதியை எடுத்து, விநாடிக்கு 4,000 மாதிரிக்குக் குறைத்து, 32,768 புள்ளிச் சாளரத்தில் அதிர்வெண்களின் வரைபடத்தைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எட்டில் ஒரு ஹேர்ட்ஸ் வித்தியாசத்தையும் பிரிக்கலாம். 100.0 இல் ஒரு முள் உயரமாக நின்றது. நண்பருக்குப் படத்தை அனுப்பி, வழக்கை முடித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு நாளைக்குப் பின் மழையில் மின்சாரம் நின்றது. டெக் ஓடவில்லை, ஆனால் மடிக்கணினியில் பழைய கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஐயம் எழுந்தது: கசற் இல்லாமல் வெறும் டெக்கைப் பதிந்தால் என்ன வரும்? மின்சாரம் வந்ததும் செய்து பார்த்தேன். அதே 100.0, அதே உயரம். அது 1979இன் மின்சாரம் அல்ல, என் வீட்டு மின்சாரம். டெக்கும் மடிக்கணினியின் சார்ச்சரும் ஒரே நிலத்தொடுப்பில் வளையமாக இணைந்து முனகிக்கொண்டிருந்தன. சார்ச்சரைக் கழற்றி, பற்றரியில் வைத்து மறுபடி பதிந்தேன். 100.0 முள் காணாமற் போனது; அதன் நிழலில் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்த சிறிய முள் 104.2 இல் நின்றது. பக்கத்தின் முடிவில் அதே முள் 107.1 க்கு ஏறியிருந்தது.

ஏறியிருந்தது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. பெரியப்பா ரெக்கோடரைப் பற்றரியில் ஓட்டியிருக்கிறார். பற்றரி ஏற்கெனவே வலுவிழந்திருந்தது, ஒத்திகை போகப்போக இன்னும் இறங்கியது, மோட்டரும் மெதுவானது. ஆகவே முழுக் கோப்புக்கும் ஒரே திருத்தம் போதாது. ஓடாசிற்றியில் நேரத் தடம் என்று ஒன்று உண்டு. அதில் வேகத்தை ஒரு கோடாக வரையலாம். தொடக்கத்தில் 96.0 வீதம், முடிவில் 93.4 வீதம், இடையில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் அளந்த அளவைப் புள்ளியாக வைத்துக் கோட்டை இணைத்தேன். சலிக்காத மூலக் கோப்பில்தான் இம்முறை செய்தேன். 22 நிமிடமாக இருந்த கோப்பு 23 நிமிடம் 15 விநாடியாக நீண்டது.

அன்றிரவு தலையணி போட்டுக்கொண்டு முதல் பாட்டைக் கேட்டேன். சிறுவன் என்று நினைத்த குரல் பதினெட்டு வயதுக் குரலாக இறங்கியிருந்தது. அவசரம் போய்விட்டது. கித்தார் திரும்பி வந்திருந்தது. கையால் தாளம் போட்டுப் பாருங்கள்: கை விழும் இடத்தில் அந்தக் கித்தார் இல்லை, கை மேலெழும் இடத்திலெல்லாம் இருக்கிறது, ஒரு முழுப் பாட்டையும் அனாகத எடுப்பிலேயே ஒருவர் வெட்டிக்கொண்டு போவதுபோல. 1950களின் கடைசியில் யமேக்காவில் பிறந்த ஸ்கா அது. பிற்பாடு வந்த ரெகேயின் மூத்த உறவு. நான் ஆறெட்டு என்று நினைத்த ஊஞ்சல் உண்மையில் நான்கு அடிக்குள் மூன்றாகச் சாயும் நடை. மூன்றாம், ஆறாம் உருப்படிகள் நேர் எதிர். அங்கே பேஸ் கித்தார் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் ஆணி அறைவதுபோல விழுகிறது, மற்ற எல்லாரும் அந்த ஆணியில் தொங்குகிறார்கள். பித்தளைக் கருவிகள் மூன்று மூன்று சுரமாகக் குத்திவிட்டு ஒதுங்குகின்றன. அது ஃபங்க். ட்ரம்ஸ் வாசித்தவருக்கு அணிநடைப் பழக்கம் விடவில்லை. சமம் வரும்போதெல்லாம் பக்க மேளத்தில் ஒரு சிறு உருட்டு உருட்டித்தான் இறங்குகிறார். அதைக் குறையென்று சொல்பவர்களோடு நான் வாதிடத் தயார்.

ஆறாவது உருப்படியின் நடுவே 41 விநாடி இல்லை. அந்த இடத்தில் பாட்டுக்குப் பதிலாக ஒரு சுழலும் ஓசையும், “பதியுதோ, பதியுதோ?” என்று கேட்கும் ஒரு சிறுமியின் குரலும் இருக்கின்றன. குரல் என் அக்காவுடையது. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பின்சில்லை மிதித்து, டைனமோவில் இருந்து ரெக்கோடருக்குக் கம்பி கொடுத்துத்தான் பாட்டுக் கேட்போம். இந்தக் கசற்றின் பின்விளிம்பிலுள்ள பாதுகாப்புக் காதுகளைப் பெரியப்பா உடைத்து விட்டிருக்கவில்லை, அதனால் சிவப்புப் பொத்தான் தடையில்லாமல் அமுங்கியிருக்கிறது. குரல் போகப்போக எலியின் குரல்போல உயர்கிறது: மிதிப்பவன் களைத்து, ரெக்கோடர் மெதுவாகிக்கொண்டிருக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டேன். அந்த நாளில் மிதிப்பது எப்போதும் நீதானே என்றார்.

அந்த 41 விநாடியை நேராக்க முயலவில்லை. மறுபக்கத்தில் வானொலியிலிருந்து பதிந்த பாடல்களும், பெரியப்பா வெளிநாட்டிலுள்ள தம்பிக்கு அனுப்பவென்று பேசத் தொடங்கி இடையில் நிறுத்திய ஒரு கசற் கடிதமும் இருந்தன. கடிதத்தைத் தனிக் கோப்பாக எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு என் கணினியிலிருந்து அழித்தேன்.

பெரியம்மாவுக்கு நினைவிருந்தது “கொக்குவில் பக்கத்து ட்ரம்பெற்காரப் பெடியன்” ஒருவரை. அந்தப் பெடியனுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. தொலைபேசியில் பேசியபோது நம்பவில்லை, “மாஸ்ரர் அண்டைக்குப் பதிஞ்சவரோ?” என்று இரண்டு தரம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மடிக்கணினியையும் ஒரு சிறிய ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கா என்ற சொல்லை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். கப்பலில் வேலைசெய்த ஒருவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியதாகவும், அந்தக் கித்தார் வாசிப்பைத் தங்களுக்குள் ‘வெட்டு’ என்று சொன்னதாகவும், மேடையில் மட்டும் பைலா என்று அறிவிக்கச் சொன்னதாகவும் சொன்னார். பைலா என்றால்தான் சனம் எழும்பி ஆடும், அதிபரும் அனுமதி தருவார். பற்றரி விசயத்தையும் அவரே முடித்துவைத்தார். ஒத்திகை அறையில் இருந்தது ஒரே ஒரு மின்குதை. அதில் அம்பிளிபயரும் ஓகனும் தொங்கின, மாஸ்ரருக்கு இடமில்லை.

மின்விநியோகத்தின் 50 ஹேர்ட்ஸும் எப்போதும் அச்சொட்டாக 50இல் நிற்பதில்லை என்பதால், அவருடைய கருவியால் ஒருமுறை சரிபார்க்க விரும்பினேன். அலுமாரியிலிருந்து ட்ரம்பெற்றை எடுத்தார். முதல் விசை இறுகியிருந்தது, தேங்காயெண்ணெய் விடப் போனவரைத் தடுத்தேன், ஏனென்றால் விசை எதையும் அழுத்தாமல் ஊதும் அடிச்சுரம்தான் எனக்குத் தேவை. அது 233 ஹேர்ட்ஸ். மூன்றாம் உருப்படி பித்தளைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து நீட்டிப் பிடிக்கும் ஒரு பி ஃப்ளாற்றில் முடிகிறது. திருத்தாத கோப்பில் அதன் அடிச்சுரம் 246 இல் இருந்தது. திருத்திய கோப்பை ஓடவிட்டு, அவரை ஊதச் சொன்னேன். இரண்டும் மெதுவாக ஒன்றோடொன்று மோதி அலைந்தன. விநாடிக்கு ஓர் அலை. இசைவுக் குழாயை ஒரு நெல்லளவு வெளியே இழுத்தார், அலை நின்றது. வாயெடுத்துவிட்டு, ரெனர் சக்சபோன்காரன் அண்டைக்கும் சுரம் இறங்கித் தட்டையாய்த்தான் பிடிச்சவன், இப்பவும் அப்படியே இருக்கு என்றார்.

செலவு: டெக் 9,000, பெல்ற் 650, ஒட்டுநாடா 1,800, மதுசாரம் 400, வெற்றுக் கசற் 350, காதுப் பஞ்சு 150, மொத்தம் 12,350 ரூபா. ஒலிக் குச்சி ஏற்கெனவே வீட்டில் கிடந்ததால் சேர்க்கவில்லை, சட்டைகளையும் சேர்க்கவில்லை. அடுத்த முறை சைக்கிள் ரியூப் பக்கமே போகமாட்டேன். கசற் இல்லாமல் டெக்கை மட்டும் ஒரு நிமிடம் பதிந்துவிட்டுத்தான் எந்த அளவையும் எடுப்பேன். இரைச்சல் குறைப்பை ஆறு டெசிபெல்லுக்கு மேல் வைப்பதில்லை, அதுவும் பிரதியில் மட்டும். கோதைத் திறக்குமுன், திண்டு கழன்ற நிலையிலேயே ஒருமுறை மங்கலாகவேனும் பதிந்திருந்தால், செலோரேப்போடு வெட்டி எறிந்த அந்த 3.8 விநாடியில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். அது ஐந்தாம் உருப்படியில் ட்ரொம்போன் தனியாக வாசிக்கும் இடம். அவர் இப்போது கனடாவில் இருக்கிறாராம். கோப்பு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

நான் புறப்படும்போது ட்ரம்பெற்காரர் உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய இன்னொரு கசற்றைக் கொண்டுவந்து தந்தார். அது 90 நிமிடக் கசற். நாடா இதைவிட மெல்லியது, கோது ஒட்டி மூடியது, யன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு இடத்தில் செலோரேப். காதுகளை அன்றே அவர் முன்னால் உடைத்தேன். இப்போது பிஸ்கற் ரின்னுக்குள் நான்காம் நாள்.